சூட்டு முள்

ஜூலை 8, திங்கள்
பெரார்கஞ்ச். விடாத மழை. நேற்று நான் ஓட்டும் பஸ்ஸின் இன்ஜினில் சூடு பார்க்கிற யூனிட் அடியில் கசிவு. மனைவி லில்லியின் அண்ணன் அந்தோணி மச்சான் வந்து அடைத்தார். படகு இன்ஜின் ஆள். பித்தளை யூனிட்டைக் கழற்றி, மரையில் நூல் சுற்றி, பெயின்ட் அப்பி, படகுப் பலகை இடுக்கில் ஒழுகாமல் கலப்பத்து அடைக்கிற மாதிரி இறுக்கிவிட்டார். "கடல்லயே ஒழுகாது மாப்ள. இது எம்மாத்திரம்?"

ஒரு சொட்டு இல்லை. ஆனால் இன்று டாஷ்போர்டில் சூட்டு முள் 'ஹெச்'சிலேயே, கொதிக்கிற பக்கம். இரண்டு இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். கொதிப்பே இல்லை. எதை நம்ப?

9, செவ்வாய்
மண்ணெண்ணெய், ரொட்டி வாங்க வேண்டும். டிப்போ இன்சார்ஜ் முள்ளைப் பார்த்துவிட்டார். "காடி நஹி நிக்லேகா. வண்டி வெளிய போகாது. மெயின்லேண்ட்லேருந்து புது யூனிட் வரட்டும்." கப்பல் என்றைக்கு? கடவுளுக்கே வெளிச்சம்.

லில்லிக்கு நாள் நெருங்குகிறது. கால் வீக்கம். நர்ஸம்மா: "இங்க வெச்சுக்காதீங்க. போர்ட் பிளேர் கூட்டிப் போங்க." இருப்பது இந்த ஒரு பஸ். பயமாக இருக்கிறது. மச்சான்மேல் எரிந்து விழுந்தேன்.

10, புதன்
தூக்கமில்லை. யூனிட் நினைப்பே. உடைந்த பழசு ஒன்றைப் பிரித்திருக்கிறேன். உள்ளே தகடு. ஒட்டும், சூடேறி விலகும், மறுபடி ஒட்டும். ஒரே ஒயரில் தந்தி அடிக்கிற மாதிரி விட்டு விட்டுக் கரண்ட். இன்ஜின் ஆறியிருந்தால் அதிக நேரம் ஒட்டும், முள் 'சி'க்குப் போகும். கொதித்தால் குறையும். கரண்டே ஓடாவிட்டால்? 'ஹெச்'சில் படுத்துவிடும். சாவியை எடுத்தால் தினமும் அங்கேதானே கிடக்கிறது! மண்டையில் அடித்துக்கொண்டேன்.

கரண்ட் இன்ஜின் உடம்புக்குள் திரும்புகிற வழி அந்த மரை. அதைத்தான் மச்சான் நூலும் பெயின்ட்டும் வைத்து அடைத்திருக்கிறார்!

மழை விட்டதும் லில்லியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். யூனிட்டுக்கும் இன்ஜினுக்கும் ஒரு துண்டு ஒயர்.
"என்னங்க, அசையுது! 'சி'க்கு வருது!"
சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "என்னங்க, இடுப்பு வலிக்கி. இறங்க முடியல."
இன்சார்ஜ் போர்ட் பிளேரில், ஷாதிபூரில். கேட்க ஆளில்லை. ஒயரை முறுக்கிக் கட்டினேன். மச்சான் அவளைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸை எடுத்துவிட்டேன்.

11, வியாழன்
போர்ட் பிளேர் ஆஸ்பத்திரி வராந்தா. வழி முழுக்க முள் நடுவில், மாதாவே. பெண் குழந்தை. இருவரும் நலம். மச்சானுக்குக் கண்ணீர், அதோடு "ஒழுகலைல்ல மாப்ள?"
மருந்து, துணி, வெந்நீர் பாட்டில் வாங்க வேண்டும்.
இன்சார்ஜ் கேட்டில் நிற்கிறார், கை நீட்டியபடி. "சாபி தேதோ." பஸ் சாவியைக் கேட்கிறார். வேலை போச்சு. லில்லி உள்ளே கூப்பிடுகிறாள், பிள்ளையைப் பார்க்க. முதலில் உள்ளே. சாவி அப்புறம்.