பன்னிரண்டரை

இன்று காலை ஆதம்பாக்கம் வீட்டுக்குப் புது இணைய இணைப்பு கொடுக்க ஒருவர் வந்திருந்தார். நூறு வேகம் என்று சொல்லி விற்ற இணைப்பு. ஒரு பெரிய கோப்பை இறக்கிப் பார்த்தேன். திரையில் எண் மளமளவென்று ஏறிப் பன்னிரண்டரையில் நின்றுவிட்டது. என் மனைவி எட்டிப் பார்த்து, "நூறுன்னு சொல்லிட்டுப் பன்னெண்டரையா?" என்றாள். வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே, "நூறுதாம்மா வுட்டுகீறோம். இன்னா, சந்தேகமா?" என்றார்.

எனக்குச் சந்தேகம் அவர்மேல் இல்லை. அந்த எண்ணைப் பார்த்ததும் நீதான் வந்து நின்றாய்.

தொண்ணூறுகளில் தி. நகரில், ஜவுளிக்கடை மாடியில் இருந்த நம் கணினி அலுவலகம் உனக்கு மறந்திருக்காது. நம் இருவரில் ஒருவரைத் தலைமைப் பொறியாளராக்கப் போவதாக முதலாளி சொல்லியிருந்த வருடம் அது. மயிலாப்பூர் ஆடிட்டர் ஒருவர் நம்மைக் கூப்பிட்டார். அவருடைய அடையாறு கிளையிலிருந்து மாதக் கணக்கு ஃபிளாப்பியில் வந்துகொண்டிருந்தது. ஒருமுறை அதைச் சாப்பாட்டு டப்பாவோடு ஒரே பையில் போட்டுக் கொண்டுவந்ததில் சாம்பார் கொட்டி, மாதக் கணக்கே போயிற்று. அதனால் தொலைபேசி வழியாகவே மோடம் வைத்து அனுப்ப வேண்டும் என்றார்.

ஒத்திகைக்கு நாள் குறித்தோம். எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் கேட்டபோது நீ என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாய். நான் மனக்கணக்குப் போட்டேன். மோடம் விநாடிக்கு 9600 பிட் அனுப்பும். எட்டு பிட் சேர்ந்தால் ஓர் எழுத்து. ஆக விநாடிக்கு 1200 எழுத்து. கோப்பில் ஏழு லட்சத்து இருபதாயிரம் எழுத்து. பத்து நிமிடம் என்றேன். நீ பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாய்.

ஒத்திகையன்று நீ அடையாறில். நான் மயிலாப்பூரில், ஆடிட்டர் அருகில். பத்து நிமிடம் முடிந்தது. கோப்பு முடியவில்லை. என் சட்டை முதுகோடு ஒட்டியது. ஆடிட்டரோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். கடைசி எழுத்து வந்து சேர்ந்தபோது பன்னிரண்டரை நிமிடம் ஆகியிருந்தது. அதே நேரத்தில் காபியும் வந்தது. என்னைப் பொருட்படுத்தவே இல்லை என்று அதற்கு அர்த்தம் செய்துகொண்டேன்.

மறுநாள் டீக்கடையில் நீ நிதானமாகச் சொன்னாய். "எட்டால இல்லடா, பத்தால வகுக்கணும். ஒயர்ல ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னாடி ஒரு பிட், பின்னாடி ஒரு பிட் கூடப் போகும்ல." அப்படியென்றால் விநாடிக்கு 960 எழுத்துதான். நான் பேசும்போதே உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாய். ஏன் வாயைத் திறக்கவில்லை என்றேன்.

"உன்கிட்டத் திருத்தம் சொல்லி யாருடா வாங்கிக் கட்டிக்கறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அடுத்த மாதம் தலைமைப் பொறியாளர் ஆனதும் நீதான். அதன்பிறகு அந்த டீக்கடைக்கு நான் வேறு நேரத்தில் போய்வந்தேன்.

போன மாதம் கோபாலபுரத்தில் உன் வீட்டுக்கு வந்திருந்தேன். உன் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். ஆடிட்டரும் வந்திருந்தார், கைத்தடி ஊன்றுகிறார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, துக்க வீட்டில் பேசுகிற தணிந்த குரலில் உன்னைப் புகழ்ந்தார். "ரொம்ப நல்லவன். ஒத்திகைக்கு மொத நாளே போன் பண்ணினான். 'அவன் பத்து நிமிஷம்னு சொல்லியிருக்கான் மாமா, பன்னெண்டரை ஆகும், அவனை அவசரப்பட்டு ஏதும் சொல்லிடாதீங்கோ'ன்னு உன்னைப் பத்திச் சொன்னான். நானும் அதுக்குத் தகுந்தாப்பல காபி போட்டுண்டு வரச் சொன்னேன்."

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் காபியைப் பற்றித்தான் நினைத்தேன். எனக்காகப் பரிந்து பேசினாயா? அல்லது எனக்குக் கணக்குத் தெரியாது என்று அவர் காதில் பக்குவமாகப் போட்டு வைத்தாயா? அவரிடம் சொன்னது முதலாளி காதுக்கும் போயிற்றா? எப்படித் திருப்பிப் பார்த்தாலும் இரண்டும் பொருந்துகின்றன. இரண்டிலும் ஒன்று மாறவில்லை. ஒத்திகைக்கு முதல் நாள் ஒரு தொலைபேசி அழைப்புக்கு உனக்கு நேரம் இருந்தது. அதை நீ எனக்குச் செய்யவில்லை.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான். தெரிந்த கணக்கை, யாரும் கேட்காவிட்டாலும், உடனே சம்பந்தப்பட்டவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். இன்று காலையும் மனைவியிடம் சொன்னேன்: அவர் சொல்லும் நூறு பிட் கணக்கு, திரையில் வருவது பைட் கணக்கு, எட்டு பிட் ஒரு பைட், எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை, அவர் ஏமாற்றவில்லை. வந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இதை அந்த ஆள் எதிர்லயேவா சொல்லணும், நான் முகத்தைக் காட்டிட்டேனே" என்று அவர் போனதும் அவள் கடிந்துகொண்டாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

உனக்கும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.