மறுபடியும் கொட்டிக் கலந்த அரிசி

என் வாயாடித் தங்கச்சி பத்மாவுக்கு,

எங்கேடி இருக்கிறாய்? தேடித் தேடி என் கண் பூத்துப் போய்விட்டது. உயிரோடு இருந்தபோது பெம்பான் வீட்டிலிருந்து நாளுக்கு நாலு தடவை போன் போட்டு என் உயிரை வாங்கினாய். போன தீபாவளி முடிந்த கையோடு காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. இப்போது கனவில்கூட வர மாட்டேன் என்கிறாய். அக்காளிடம் அப்படி என்ன கோபம் உனக்கு?

மறுபடியும் தீபாவளிப் பெருநாள் வருகிறது. ஆயர் குரோ பேரங்காடியில் இந்த வருஷமும் நம்மை சாயம் போட்ட அரிசியில் கோலம் போடும் போட்டிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நம்மை என்றுதான் சொன்னார்கள். போன் செய்த பெண்ணுக்கு நீ போன விஷயம் தெரியாது. எனக்கும் சொல்ல வாய் வரவில்லை, சரி என்றுவிட்டேன். சனிக்கிழமை காலையில் போக வேண்டும்.

அதற்குள் உன் மகள் கவிதா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். உன் வருஷத் திதிக்குப் பெரிய படமாக வைக்க வேண்டுமாம். வீட்டில் மாலை போட்டிருப்பது உன் அடையாளக் கார்டுப் படம். அதில் நீ யாரையோ அடிக்கப் போகிற மாதிரி முறைக்கிறாய்.

"பெரியம்மா, அம்மா கோலம் போடற மாதிரி ஒரு படம் அனுப்புங்களேன். அப்பதான் அம்மா அம்மா மாதிரி இருப்பாங்க" என்றாள். அதற்கென்ன, நூறு படம் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிவிட்டுக் கைத்தொலைபேசியை எடுத்தேன்.

ஒன்றுகூட இல்லையடி. எல்லா வருஷத்துக் கோலமும் இருக்கிறது. மயில் இருக்கிறது, யானை இருக்கிறது, தாமரையும் குத்துவிளக்கும் இருக்கின்றன. எதிலும் நீ இல்லை. எப்படி இருப்பாய்? கடைசிப் பிடி அரிசியை வைத்ததும் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து, "முடிஞ்சிருச்சில்ல, வா லா, பசிக்குது" என்று சாப்பாட்டுக் கடைப் பக்கம் போய்விடுவாய். முடிந்த கோலத்தை நீ திரும்பிப் பார்த்ததே இல்லை. போன வருஷம் நம் மயிலுக்கு ஆறுதல் பரிசு கொடுத்தார்களே, அப்போதும் மேடையில் நான் ஒருத்தி பரிசுக் கூடையோடு அசடு மாதிரி நின்றேன். நீ கீழே உட்கார்ந்து மீ கோரிங் தின்றுகொண்டிருந்தாய்.

போடும்போதுதான் நீ நீயாக இருப்பாய். காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, நான் பாடுபட்டு வரைந்த கோட்டை மதிக்காமல், மயிலின் கழுத்தில் ஊதாவைக் கொட்டுவாய். கேட்டால், இன்றைக்கு அதற்கு ஊதாச் சேலை கட்ட ஆசை என்பாய். நான் கத்துவேன். நீ காதிலேயே வாங்காமல், பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாட்டைச் சுதி இல்லாமல் பாடுவாய். அதை யார் படம் எடுத்தார்கள்?

கவிதாவுக்கு என்ன பதில் சொல்வது? பைத்தியம் பிடித்தவள் மாதிரி வீட்டைக் குடைந்தேன். ஸ்டோர் அறையில் அந்தப் பிஸ்கட் டின் கிடைத்தது. போன வருஷம் மயிலைக் கூட்டி அள்ளி, எல்லா நிறத்தையும் ஒன்றாகப் போட்டு நீ மூடிவைத்த டின். உன் கை தொட்ட அரிசி.

எனக்கு ஒரு வெறி வந்தது. இதே அரிசியை நிறம் நிறமாகப் பிரித்து, அதே மயிலை, அதே இடத்தில் அச்சு அசலாகப் போட வேண்டும், ஊதாக் கழுத்து உட்பட. அப்படியாவது நீ வந்துவிட மாட்டாயா?

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். செய்தித்தாளை விரித்து, ஒரு பிடி கொட்டி, சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். பாதியை வண்டு தின்று மாவாக்கியிருந்தது. உன் அத்தான் வாசலில் நின்று பார்த்தார், சாப்பாடு வாங்கப் போய்விட்டார். அவருக்குப் பயம்.

ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஊதா அரிசி பச்சையோடு ஒட்டிக் கட்டி கட்டியாக வந்தது. சாயம் காயும்வரை உனக்கு எங்கே பொறுமை? "ஈரத்தோட ஏண்டி கொட்டுன, எத்தன தடவ சொல்றது" என்று வாய்விட்டுத் திட்டினேன். திட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், நான் உன் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறேன். பத்மா, நீ எனக்கு எதிரே இருந்தாய். பேய், பிசாசு என்று சொல்லவில்லை. இருந்தாய், அவ்வளவுதான். நீ போனதிலிருந்து முதல் தடவையாக நெஞ்சு அடைக்காமல் மூச்சு விட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் பிரித்து முடித்தேன். எல்லா நிறமும் தனித்தனி டப்பாவில், துளி கலப்பில்லாமல். பார்த்தேன். நீ இல்லை. எழுந்து சாப்பிடப் போய்விட்டாய். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எவ்வளவு அழகாகப் பிரித்து வைத்தாலும் வெறும் அரிசி, வண்டு தின்ற அரிசி. இதற்காகவா இத்தனை நாள் உட்கார்ந்தேன்?

அப்புறம் என்ன செய்தேன் தெரியுமா? டப்பா டப்பாவாக எடுத்து மறுபடியும் அந்த டின்னில் கொட்டினேன். கையை விட்டு அடிவரை கலக்கினேன். உன் அத்தான் ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா செய்யற? அத்தனையும் பிரிச்சு முடிச்சிட்டியே."

"முடிஞ்சா அவ போயிடுறாளேங்க" என்றேன்.

அவர் கையை விட்டார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்து, ஒரு பிடி அள்ளித் தன் முன்னால் கொட்டிக்கொண்டார்.

சனிக்கிழமைக்கு அந்த மயில் வராது. புது அரிசி வாங்கிச் சாயம் போட்டிருக்கிறேன், பாதி இன்னும் காயவில்லை. கவிதாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அம்மா படம் எங்கிட்ட இல்ல தங்கம். அம்மா இருக்கிற எடம் தெரியும். சனிக்கிழமை கோலத்துக்கு வந்து எனக்கு எதிர்ல உக்காரு" என்றேன். என்ன கோலம் போடப் போகிறோம் என்று கேட்டாள். தெரியாது என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியாது, பயமாக இருக்கிறது.

கோடு வரைய மாட்டேன் என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. ஆனால் கடைசிப் பிடி வைத்ததும் திரும்பிப் பார்க்காமல் சாப்பிடப் போய்விடுவேன். வீட்டுக்கு வந்ததும் அந்த டின்னைத் திறப்பேன். பிரிப்பேன். பிரித்து முடித்தால் கலப்பேன். உன்னால் வர முடிகிறவரை வா. இது நான் உனக்குச் செய்து கொடுக்கும் சத்தியம்.

புக்கிட் காத்தில் ஊர் வீட்டில், விரல் நகமெல்லாம் ஊதாவாக,
உன் அக்கா