பெண்குரல் பாடியவன் எழுதுவது

இன்று காலை மைக்குகளின் பஞ்சு உறைகளைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறப்போட்டேன். நாளை மறுநாள் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் கொடியேற்றம். பெருநாளுக்கு முன் எல்லாவற்றையும் கழுவிக் காயவைப்பது வழக்கம். பழைய உறையொன்றைக் கையில் எடுத்தபோது அந்த மணம் வந்தது. எத்தனையோ பேருடைய மூச்சும் வெற்றிலையும் தேத்தண்ணியும் ஊறிப்போன மணம். முகர்ந்த உடனே நீ பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் இசைக்குழுவிடம் உருப்படியான மைக் ஒன்றுதான் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம் முட்ட அதற்கு முன்னால் நின்றுதான் அந்த இந்திப் பாட்டைப் பாடுவோம்.

உனக்கு எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை. உயிரோடு இருந்த காலத்தில் நீ எனக்கு ஒரு வரி எழுதியவனல்ல. ஆனால் போன மாதம் உன் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து போனதிலிருந்து மனதுக்குள் உன்னோடு கதைத்துக்கொண்டே இருக்கிறேன். வாய்விட்டுக் கதைத்தால் வீட்டில் பயந்துவிடுவார்கள். ஆகவே எழுதுகிறேன்.

மீசை அரும்பிய பிறகும் எனக்குக் குரல் உடையவில்லை. எங்கள் குருநகரில் அது பெரிய பகிடி. கடற்கரையில் வலை இழுக்கும்போது நான் குரல் கொடுத்தால் மற்றப் பெடியள் கையை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள். நீதான் என்னை இசைக்குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். எங்கள் பக்கத்தில் அப்போது பெண்பிள்ளைகளை மேடைக்கு விடமாட்டார்கள். காதல் பாட்டுப் பாடவேண்டுமென்றால் பெண்குரலுக்கு ஆள் இல்லை. "உவன் பாடுவான்" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டாய். குழுவில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நீ கோபத்தோடு சொன்னாய்: "கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கோடா. பிறகு சிரியுங்கோ." அவர்கள் மூடினார்கள். நான் பாடி முடித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த இந்திப் பாட்டை, கசெற் பதிந்து கொடுக்கும் ரெக்கோடிங் பாரில் நீதான் பதிந்து எடுத்து வந்தாய். ஒரு சொல்லும் எங்களுக்கு விளங்காது. கசெற்றை நிறுத்தி நிறுத்தி, காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டோம். விளங்காமலே இவ்வளவு உருகுகிறோமே, என்னதான் சொல்கிறார்கள் என்று அறிய ஆசை. இந்தியாவில் படித்துவிட்டு வந்திருந்த பாதரிடம் போனோம். அவர் பாட்டைக் கேட்டார், கேட்டுவிட்டுக் கொஞ்சம் வெட்கப்பட்டார். "பிரிஞ்சு போன ரெண்டு பேர். அவன் வாறன் எண்டு சொல்லுறான். அவள், நீ வருமட்டும் கதவைச் சாத்தமாட்டன் எண்டு சொல்லுறாள். அவ்வளவுதான், போங்கோ" என்று எங்களை அனுப்பிவிட்டார். வீதிக்கு வந்ததும் நீ என் தோளில் கை போட்டு, "கேட்டியா, வருமட்டும் சாத்தக்கூடாது" என்றாய். எனக்கு அது பகிடியாகப் படவில்லை.

புத்தூரிலும் நீர்வேலியிலும் கோயில் திருவிழாக்களுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். வேதக்காரப் பெடியள் வந்து சைவக் கோயில் வீதியில் இந்திப் பாட்டுப் பாடுகிறார்கள் என்று சனம் திரண்டது. நீர்வேலியில் பாட்டு முடிந்த பிறகும் கைதட்டல் நிற்கவில்லை. ஒரு வயதான அம்மா மேடைக்குப் பின்னால் வந்து, "அந்தப் பிள்ளையை எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ" என்று கேட்டா. நீ என்னை இழுத்து அவவுக்கு முன்னால் நிறுத்தினாய். "இதுதான் அம்மா அந்தப் பிள்ளை. இவனில்லாமல் எனக்குப் பாட்டில்லை." அவ என் கன்னத்தைத் தடவி, "தொண்டையைக் கவனமாய்ப் பார், ராசா" என்றா. அன்றைக்கு நான் பட்ட பெருமையைப் பிறகு என் வாழ்நாளில் ஒருநாளும் படவில்லை.

எங்கள் சொந்தக் கோயில் பெருநாளுக்கு முதன்முதலாக மேடை கிடைத்தபோது நீ என்னைவிடத் துள்ளினாய். அந்தப் பாட்டைத்தான் கடைசியாகப் பாட வேண்டும் என்று நீயே ஒழுங்கு செய்தாய். பின்னேரம் நான் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்து நின்றேன். நிகழ்ச்சி தொடங்கிவிட்டது. உன்னைக் காணவில்லை. உன் அம்மா வந்தா. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னா:

"தம்பி, அவன் காலமை கொழும்புக்குப் போட்டான். அங்கையிருந்து வெளிநாட்டுக்கு வெளிக்கிடுறான். உனக்குச் சொல்லேல்லையோ?"

"இல்லை."

"உனக்குச் சொன்னால் நீ விடமாட்டாய் எண்டவன்."

நான் மேளம் அடிக்கிறவனைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்தான். ஓகன் வாசிக்கிறவனும் குனிந்தான். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர்களுக்கெல்லாம் நீ சொல்லியிருந்தாய். போகாமல் என்ன செய்வாய்? சண்டையில் பெடியள் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம். உன் அம்மா உன்னை அனுப்பியது சரிதான். நான் உன்னை மறித்திருப்பேனா? பஸ் ஏற்றிவிட வந்திருப்பேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். அதற்குக்கூட என்னை நீ நம்பவில்லை.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் ஏறினேன். என் வரிகளைப் பாடினேன். உன் வரிகள் வந்தபோது வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஓகன்காரன் அந்த இடத்தை எப்படியோ நிரப்பினான். முதலில் சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "அடியேய், உன்ரை மாப்பிளை எங்கையடி?" ஒரே சிரிப்பு. விசில். ஊரெல்லாம் கொண்டாடிய என் குரலுக்கு எங்கள் சொந்தச் சனம் கொடுத்தது அதுதான். பாதியில் நிறுத்தவில்லை. முழுவதையும் பாடிவிட்டுத்தான் இறங்கினேன். அதற்குப் பிறகு மேடையில் நான் பாடியதில்லை.

உன்னுடைய கடிதத்துக்காகக் கனகாலம் பார்த்தேன். பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தாய், அங்கே ஒரு குழு வைத்திருக்கிறாய், கலியாணம் கட்டினாய் என்றெல்லாம் மற்றவர்கள் வாயால்தான் கேள்விப்பட்டேன். சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தபோது நாங்கள் கொடிகாமத்தில் ஒருவருடைய வளவில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தோம். ஒருநாள் மத்தியானம் பக்கத்தில் யாரோ வைத்திருந்த றேடியோவில் அந்தப் பாட்டுப் போனது. நான் அழுவதை என் மனைவி அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தா. அன்றைக்கே அவவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவ முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டா.

திரும்பி ஊருக்கு வந்து நான் ஸ்பீக்கர் கட்டும் தொழிலுக்குப் போனேன். மேடைக்கு முன்னால் நிற்க முடியாதவன் பக்கத்தில் நிற்கலாம்தானே. சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு நீ வந்தாய். தலைமயிருக்குச் சாயம் பூசி, வயிறு வைத்து, வாசலில் நின்று "மச்சான்" என்று கூப்பிட்டாய். கட்டிப்பிடித்தாய். நான் உன்னிடம் எதையும் கேட்கவில்லை. நீயாகவே, "அப்ப நிலைமை அப்பிடி மச்சான்" என்றாய். உன்னுடைய முழு விளக்கமும் அந்த ஒற்றை வசனம்தான். அதோடு, நகரத்து மண்டபத்தில் கச்சேரி வைக்கப் போகிறாய், சவுண்ட் நான்தான் தரவேண்டும் என்றாய். நான் ஓம் என்றேன். நீ கேட்டு நான் எதை மறுத்தேன்?

அந்தக் கச்சேரி உனக்கு ஞாபகம் இருந்திருக்கும். எனக்கு ஒவ்வொரு சொல்லும் ஞாபகம். கொழும்பிலிருந்து ஒரு பாடகியைக் கூட்டி வந்திருந்தாய். அந்தப் பாட்டுக்கு முன்னால் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, குரலைத் தணித்துச் சொன்னாய்: "இந்தப் பாட்டை நான் இஞ்சை ஒரு பிள்ளையோடை பாடினனான். அவவுக்குச் சொல்லாமல் விட்டிட்டுப் போனன். இப்ப அவ எங்கையெண்டு தெரியாது. எங்கையிருந்தாலும் என்னை மன்னிக்கட்டும்."  முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நான் உனக்குப் பத்தடி தள்ளி சவுண்ட் மிக்சருக்கு முன்னால் இருந்தேன். நீ பாடத் தொடங்கியபோது உன் குரலை ஏற்றி விட்டது என் விரல்தான்.

எல்லாரும் போன பிறகு வயர் சுற்றிக்கொண்டே கேட்டேன். "ஆரடா அந்தப் பிள்ளை?"

நீ சிரித்தாய். "சும்மா மச்சான். சனத்துக்கு ஒரு கதை வேணுமெல்லே. ஒரு பெடியனோடை பாடினனான் எண்டு சொன்னால் ஆர் அழப்போயினம்?"

சொல்லிவிட்டு என் முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டாய். நீ என்னை மறந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். கடல் கடந்து போன எல்லாரும் எதையாவது மறக்கத்தான் செய்தார்கள். நீ மறக்கவில்லை. என்னைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் வேறொருத்தியை எழுதிவைத்தாய். பெண்குரல் பாடியதில் எனக்கு ஒருநாளும் வெட்கமில்லை. அதைச் சொல்வதில் உனக்குத்தான் வெட்கம் இருந்திருக்கிறது. கண்ணை மூடிக் கேளுங்கோ என்று எனக்காகச் சண்டை பிடித்தவனுக்கு.

பிறகு நீ செத்துப்போனாய் என்று தொலைபேசியில் சொன்னார்கள். நெஞ்சு வருத்தம் என்றார்கள். நான் அழவில்லை என்று எழுதினால் அது பொய்.

போன மாதம் பிரான்சிலிருந்து உன் மனைவி வந்தா. தன் தமையனின் தோட்டத்துக் கதலிப்பழச் சீப்பு ஒன்றோடு தனியாக ஓட்டோவில் வந்து இறங்கினா. தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தா. பிறகு கேட்டா:

"அண்ணை, ஒண்டு கேக்கத்தான் வந்தனான். அவரோடை பாடின அந்தப் பிள்ளை ஆர்? நீங்கள் ஒரே குழுவிலை இருந்தனீங்கள். உங்களுக்குத் தெரியாமல் இராது."

நான் பழச் சீப்பை எடுத்து மேசையில் வைத்தேன்.

"நான் சண்டை பிடிக்க வரேல்லை. அங்கையும் தொடக்கத்திலை இருந்தே ஒவ்வொரு மேடையிலையும் அந்தப் பிள்ளையின்ரை கதையைச் சொல்லுவார். கடைசி நாட்களிலை ஆஸ்பத்திரியிலை அந்தப் பாட்டைத்தான் போடச் சொல்லுவார். பொம்பிளைக் குரல் வரேக்கை, 'இது இல்லை, இது இல்லை' எண்டு தலையை ஆட்டுவார். அப்பதான் எனக்கு விளங்கினது, அவளை அவர் கடைசிமட்டும் மறக்கேல்லை எண்டு. அவவும் உங்கை எங்கையாவது அவரை வழி பாத்துக்கொண்டு இருக்கிறாவோ தெரியாது. ஆள் செத்துப்போட்டார், இனி வழி பாக்காதையுங்கோ எண்டு நேரிலை சொல்ல வேணும். அதுக்குத்தான்."

அறை வாசலில் நின்ற என் மனைவிதான் வாயைத் திறந்தா. "பிள்ளை, அது வேறை ஆரும் இல்லை. இவர்தான்."

உன் மனைவி முதலில் சிரித்தா. எங்கள் முகங்களைப் பார்த்தா. சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்களோ?"

"ஓம், பிள்ளை. அப்ப எனக்குக் குரல் அப்பிடி."

கோப்பையைக் கீழே வைத்தா. "அப்ப நான் இவ்வளவு காலமும் ஆரோடை அண்ணை போட்டி போட்டனான்? கலியாணம் கட்டின புதிசிலை எனக்கும் பாட விருப்பம். சமைக்கேக்கை அந்தப் பாட்டை முணுமுணுத்தால், 'நீ பாடாதை, அது உனக்கு வராது' எண்டுவார். அவளைப்போலை எனக்குப் பாடத் தெரியாது எண்டுதான் வாயை மூடினனான். ஒரு பாட்டும் பாடுறேல்லை. பிள்ளையளுக்குத் தாலாட்டும் பாடேல்லை."

நீ என்னை மட்டும்தான் ஏமாற்றியதாக அதுவரை நினைத்திருந்தேன். நீ சொன்ன அந்த ஒரு பொய் கடலுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டையே ஊமையாக்கியிருக்கிறது. என் மனைவி அவவுக்குப் பக்கத்தில் போய் இருந்து கையைப் பிடித்துக்கொண்டா. நான் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக் காலத்தில் நீ தேடியது என் குரலைத்தான் என்று தெரிந்தபோது எனக்கு மனம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. இன்னும் கூடுதலாக எரிந்தது. இவ்வளவு தேடியவனுக்கு ஒருமுறை என் பெயரைச் சொல்ல என்ன கேடு? ஒரு கோல் எடுத்திருந்தால் தொலைபேசியில் பாடியிருப்பேனே.

போகும்போது வாசல் படலையில் நின்று உன் மனைவி கேட்டா. "அண்ணை, அவரை மன்னிச்சிட்டீங்களோ?"

"இல்லை, பிள்ளை."

"நானும் இல்லை" என்றா. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினா.

போன கிழமை பிரான்சிலிருந்து தொலைபேசி எடுத்தா. சுகம் விசாரித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கிக் கேட்டா: "அண்ணை, அந்தப் பாட்டிலை பொம்பிளை பாடுற வரியளை எனக்குச் சொல்லித் தருவீங்களோ? இனி வீட்டிலை பாடாதையெண்டு சொல்ல ஆள் இல்லைத்தானே." நான் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அவ எழுதிக்கொண்டா. இராகத்தையும் கேட்டா. கரகரத்துப்போன குரலில் முணுமுணுத்துக் காட்டினேன். திருப்பிப் பாடினா. நல்ல குரல், உனக்குத் தெரியாது.

உன்னுடைய வரிகளும் எனக்கு ஒரு சொல் பிசகாமல் பாடம். அன்று மேடையில் வாயை மூடிக்கொண்டு நின்றபோதும் அவை உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தன, இன்றும் ஓடுகின்றன. அவற்றை அவ கேட்கவில்லை. நானும் சொல்லிக்கொடுக்கவில்லை.