நயாகராவில் சிரித்த படம்

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

போன கிழமை சித்தி வீட்டாருடன் நயாகரா போனேன். சித்தியின் குழந்தை ஜெனாட் நித்திரையானதால் அவனுடன் வான் வண்டிக்குள்ளேயே இருந்தேன். புத்தகங்களில் வாசித்த அருவியின் இரைச்சல் மட்டும் கேட்டது. புறப்படும்போது சித்தி கூப்பிட்டா: "இறங்கி வா பிள்ளை. அருவிக்கு முன்னால நிண்டு சிரி. அத்தானுக்கு அனுப்பவேணும்."

அந்தப் படத்துக்குத்தான் நீங்கள் அவவுக்கு நன்றி சொன்னீர்கள்.

பிறகு திராட்சைத் தோட்டத்தில் எல்லோரும் வைன் ருசி பார்க்க, நானும் ஜெனாட்டும் வண்டியில் பிஸ்கட் சாப்பிட்டோம்.

இங்கே மொன்றியலில் பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது. என்னை இன்னும் சேர்க்கவில்லை. சித்தியிடம் கேட்டால், "அப்ப ஜெனாட்டை ஆர் பாக்கிறது? பிறகு பாப்பம்" என்கிறா.

அப்பா, போனில் அவவிடம் என் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேளுங்கள். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். ஜெனாட் எழும்பிவிட்டான்.

உங்கள் மகள்,
டிலானி