நீ ஒதுக்கிய களி உருண்டை

விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் இன்று காலை ஒரு கிண்ணத்தின் மூடியைத் திறந்தேன். கெட்டுப்போன கேப்பைக் களியின் வாடை. நர்சம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். எனக்கு உன் நினைவு வந்தது. நீ போய் மூன்று வருஷமாகிறது. மற்றவர்களுக்குப் பெண்டாட்டி நினைவு மல்லிகைப்பூவில் வருமாம்; நீ இப்படி வருகிறாய்.

திண்டிவனத்து டாக்டரிடம் நான் கம்பவுண்டராக இருந்தபோது, உலகச் சண்டையால் சீமைக் களிம்பு வருவது நின்றுபோனது. கழனி வேலை செய்யும் பெண்களின் வெடித்த கைகால்களுக்கு மெழுகும் எண்ணெயும் தண்ணீரும் சேர்த்து நானே களிம்பு கிண்டினேன். முதலில் கிண்டியது டப்பாவிலேயே பூஞ்சணம் பிடித்தது. அதைத் தடவிய ஒருத்தியின் குதிகால் சீழ் வைத்துவிட்டது. "இன்னொரு டப்பா கெட்டா களிம்பே வேணாம்யா, நிறுத்திடலாம்" என்றார் டாக்டர். அந்தப் பெண்களுக்கு வேறு மருந்து கிடையாது. உனக்கும்தான். மல்லாட்டைச் செடி பிடுங்கி, கடலை ஆய்ந்து ஆய்ந்து உன் விரல்களில் ரத்தம் கசியும்.

கெடாமலிருக்க பென்சாயிக் ஆசிட் சேர்த்து, ஒரு டப்பாவை ஒரு மாசம் அலமாரியில் பூட்டிவைத்தேன். கெடவில்லை. பெருமையாக உன்னிடம் காட்டினேன்.

"தொறக்காத டப்பா எப்படிங்க கெடும்? நாங்க மண்ணுக் கையோடதான விரல வுடுவோம்" என்றாய்.

மறுநாளே அதைக் கழனிக்குத் தூக்கிக்கொண்டு போனாய். உன்னோடு வேலை செய்தவர்களெல்லாம் பத்து நாள் அதில் மண் விரலை விட்டார்கள். யாரும் பூசிக்கொள்ளாமல் நீ காவல் இருந்தாய். "களிமேல தடவி மூடி வெச்சிப் பாருங்க, களிம்பு கெட்டிருந்தா தெரிஞ்சிபூடும்" என்று உன் தட்டிலிருந்தே ஓர் உருண்டையை ஒதுக்கினாய். கேப்பைக்கே அல்லாடிய காலம் அது. வேண்டாம் என்றேன், நீ எப்போது என் பேச்சைக் கேட்டாய்?

உருண்டையை வெட்டி ஒரு பாதியில் மட்டும் தடவி, கிண்ணத்தில் மூடிவைத்தேன். மூன்றாம் நாள் அந்தப் பாதியில் பச்சைப் புள்ளிகள். மற்றப் பாதி சுத்தமாக இருந்தது.

யாருக்கும் தெரியாமல் டப்பாவைக் கிணற்றடியில் கொட்டப் போனேன். நீ கையைப் பிடித்துக்கொண்டாய்.

"எதுக்கு மறைச்சிக்கினு? நம்ம களியிலதான கெட்டுச்சி, எவ கால்லயும் கெடலியே. கொண்டும்போய்க் காட்டுங்க."

காட்டினேன். டாக்டர் திட்டவில்லை. கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு மூணு தடவ பாப்போம்யா" என்றார். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றினோம், ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். ஒவ்வொரு தடவையும் டப்பா கழனிக்குப் போய்வந்தது; உன் தட்டில் ஓர் உருண்டை குறைந்தது. நான்காவது தடவை களியில் எதுவும் முளைக்கவில்லை. அன்று மாலை புது டப்பாவைத் திறந்து உன் விரல்களில் நானே தடவிவிட்டேன். எரிகிறது என்றாய். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

இன்று காலைக் கிண்ணத்தில் இருந்த களியிலும் நான் புதிதாகக் கிண்டிய களிம்பைத்தான் தடவி வைத்திருந்தேன். நேராக இங்குள்ள டாக்டரம்மாவிடம் போய், "கெட்டுப்போச்சும்மா, மறுபடி கிண்டறேன்" என்றேன். மறைக்கத் தோன்றவில்லை. பயந்தாங்கொள்ளியைக் கட்டிக்கொண்டோமே என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே என்னை மாற்றிவிட்டாய்.