கயிற்றுச் சாலைக் கோடனார் தலைவரான வரலாறும் அதன்மேல் பிறந்த ஆணையும்

கடல் உப்பும் கழனி நெல்லும் குறையாத ஆழிவாய் நாட்டின் அதிபர், பன்னிரு துறைகளுக்கும் குடை நிழல் தரும் நெடுங்கொடித் திருவாழ்வர் ஆணைப்படி, அவர்தம் ஓலைநாயகம் நல்லாதன் எழுதுவது. முத்தலைத்துறையின் காவலர் இளவேட்டனார் நலம் காண்க. அவர் துறையில் வந்தடையும் கலம் யாவும் கரை சேர்க. அவர் இல்லத்தில் அடுப்பும் விளக்கும் அணையாதிருக்க.

தங்கள் துறையில் கயிற்றுச் சாலை நடத்தும் சேந்தன் கோடனார் என்பவர், மன்னர் திருமுன்னுக்கு விண்ணப்பம் ஒன்று அனுப்பியிருந்தார். அதில் வேண்டுகோள் இரண்டு. தம்மை விட்டு நீங்கிய நன்றி கெட்ட வேலையாட்கள் எழுவரையும் வீரர்களை அனுப்பிப் பிடித்துத் தரவேண்டும் என்பது முதலாவது. தலைமைப் பண்பு குறித்து அமைச்சர்களுக்கு உரை நிகழ்த்தத் தம்மை அரண்மனைக்கு அழைக்கவேண்டும் என்பது இரண்டாவது. அமைச்சர்களாகிய எமக்கு அப்பண்பில் குறை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அழைக்குமுன் அவருடைய பெருமையை அறிந்துகொள்வது முறை என்று கருதி, விசாரணைக்கு ஆள் அனுப்பினோம். அவர்கள் கொண்டுவந்த செய்தியை அப்படியே கீழே தருகிறோம்.

கோடனார் பதினோரு ஆண்டுகள் தலைவராக இல்லாமல் வெறும் முதலாளியாகக் காலம் தள்ளியவர். கயிறு திரிக்கும்போது ஒரு கோடியில் காரி என்பவன் சக்கரம் சுற்றுவான். மறு கோடியில் கோடனார் முனையைத் தம் இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். முறுக்கு ஏற ஏறக் கயிறு நீளம் குறையும். குறையும் அளவுக்கு முனை பிடிப்பவர் அடி அடியாக முன்னால் நடந்து வரவேண்டும். வராவிட்டால் கயிறு தெறித்துவிடும். இது துறையில் தவழும் குழந்தைக்கும் தெரியும். கோடனாரோ கண்ணை மூடிக்கொண்டே இடுப்பால் முறுக்கை அறிந்து நடப்பார் என்று பெயர் பெற்றிருந்தார். அப்படி நடந்து நடந்து எளிய மனிதராகவே இருந்துவிட்டார், பாவம்.

சென்ற மாசியில் கடல் கடந்து வந்த பேச்சுப் பண்டிதர் ஒருவர் சத்திரத்தில் தங்கி, சிறு தொழில் செய்வோரைப் பெருந்தலைவர் ஆக்கும் வித்தையை நாற்பது நாளில் கற்பித்தார். தலைவன் மலைபோல் அசையாது நிற்பவன், தொலைவை நோக்குபவன், பிறர் உள்ளத்தில் தீ மூட்டுபவன் என்பது அவருடைய பாடம். பாடம் கோடனாருக்குத் தலைக்கேறியது. கயிற்றுத் தடத்தின் கோடியில் ஆளுயரக் கல்மேடை எழுந்தது. வேலையாட்கள் அன்று முதல் கனவுத் தோழர்கள் ஆயினர். காரிக்கு எழுச்சியின் முன்னோடி என்று பெயர் சூட்டப்பட்டது. அந்தப் பெயரால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் மூன்று நாள் அவன் திரும்பியே பார்க்கவில்லையாம். நண்பகல் கஞ்சிக்கு இருந்த நாழிகை உரை கேட்கும் நாழிகை ஆயிற்று. வயிற்றில் வேறு தீ எரியும் வேளையில் உள்ளத்தில் தீ மூட்டுவது எளிது என்று கோடனார் எண்ணினார் போலும்.

பின்னர் மன்னரின் நாவாய்க்கு நங்கூர வடம் திரிக்கும் நாள் வந்தது. மலைபோல் நிற்கவேண்டியவர் அடி அடியாக நடந்து வருவது அழகாகுமா? ஆகவே கோடனார் முனையைத் தம் இடுப்பிலிருந்து அவிழ்த்து, மேடைக் கல்லில் இறுகக் கட்டினார். கட்டிவிட்டு மேலே ஏறி, தொலைவை நோக்கியவாறு உரையைத் தொடங்கினார். தோழரின் துயரைத் தன் துயராய்க் கொள்வது எப்படி என்பது அன்றைய பொருள்.

அடுத்து நடந்ததைக் காரி சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதியிருக்கிறார். அரச ஓலைக்கு ஏற்ற நடை அன்று. ஆனாலும் மாற்ற எமக்கு மனம் வரவில்லை. "அண்ணே, முறுக்கு ஏறுது, நடந்து வாங்கன்னு மூணு தரம் கத்துனேன். ஐயப்படுறவன் உயர மாட்டான், இன்னும் சுத்துன்னாரு. கைய விட்டா சக்கரம் திருப்பி அடிச்சு பக்கத்துல நிக்கிறவங்கள சாய்ச்சிரும். எப்படியும் அண்ணன் இறங்கி வந்துருவாருன்னு நெனச்சேன். அதான் கைய எடுக்கல."

வடம் தெறித்தது. அறுந்த புரி காரியின் வலக்கை மணிக்கட்டை முறித்துப் போட்டது. கோடனார் அப்போதும் இறங்கவில்லை. வீழ்ச்சியே எழுச்சியின் முதற்படி என்று அறிவித்து, உரையின் எஞ்சிய பகுதியைக் குறைவின்றி முடித்தார். முடித்துப் பார்த்தபோது தடத்தில் ஒருவரும் இல்லை. மற்ற அறுவரும் காரியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தனர். திரும்பி வரவும் இல்லை. இத்தகைய ஊக்கத்தைத் தாங்க முடியாதவர்களை நன்றி கெட்டவர் என்னாமல் வேறு என்னென்பது?

விசாரிக்கச் சென்ற எம்மவர், காரிக்கு முறிந்தது எந்தக் கை என்று கோடனாரைக் கேட்டனர். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. இடக்கை என்றார், பிறகு வலக்கை என்றார், பிறகு மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். சாலை தொடங்கிய நாளில் தம்மோடு இருந்தவன் காரி ஒருவன்தான் என்றும், முதல் கயிற்றை இருவருமாகத் திரித்தோம் என்றும், கேளாமலே கூறினாராம். அதைப் படித்தபோது, இதுவரை நகைத்துக்கொண்டிருந்த யாமும் நகைப்பை நிறுத்தினோம்.

ஆகவே மன்னர் ஆணை இது. எழுவரில் எவரையும் வீரர் தொடலாகாது. ஒரே ஒரு வீரனை அனுப்புக. அவன் கோடனாரைக் காரியின் வீட்டு வாசலுக்குக் கூட்டிச் செல்க. முறிந்த கை கூடும்வரை நண்பகல்தோறும் கோடனார் தம் கையால் சோறு பிசைந்து காரிக்கு ஊட்டக்கடவர். ஊட்டும்போது எழுச்சி, கனவு, மலை ஆகியவை பற்றி ஒரு சொல்லும் சொல்லலாகாது. உறைக்கிறதா, போதுமா என்று கேட்கலாம். அமைச்சர்களுக்கான உரையை மன்னர் இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறார். எம் அவையில் பசித்த வேளையில் பேசுவோர் முன்பே நிறைந்திருக்கின்றனர்.

இவ்வோலை கண்ட அன்றே செய்து முடிக்க. நெடுங்கொடி முத்திரை இட்டோம். கடல் உள்ளளவும் அறம் நிற்க.

முத்திரைக்குக் கீழே மன்னர் தம் எழுத்தாணியால் எழுதியது: காரி உண்ண வாய் திறக்க மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். கோடனார் சோற்றுக் கலத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலில் காத்திருக்கட்டும். எத்தனை நாள் என்று யாம் விதிக்கவில்லை. அதைக் காரி சொல்லட்டும்.