சிலை கத்துது

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் என் அலாரம் கத்தியது. தீயணைப்புப் பயிற்சியில் இருக்கும் எல்லோருக்கும் முதுகில் மாட்டும் காற்றுச் சிலிண்டரின் வாரில் ஒன்று தொங்கும். மயங்கி விழுந்தவரைக் கண்டுபிடிப்பதற்காக. ஆள் அரை நிமிடம் அசையாவிட்டால் ஊரைக் கூட்டிவிடும். அதனால் மற்றவர்கள் வரிசையில் இடுப்பை ஆட்டிக்கொண்டே நிற்கிறார்கள். அத்தனை பேர் நடுவில் ஆட்ட எனக்கு வெட்கம். விறைத்து நிற்கிறேன், அது கத்துகிறது. பயிற்சியில் என் ஜோடி நெட்டை எனக்குப் பெயரே வைத்துவிட்டான் — சிலை.

மார்ச் 6, வியாழன்

அண்ணி ஆரம்பித்துவிட்டார். "பத்தாங்கிளாஸ முடிக்கத் துப்பில்ல, நெருப்ப அணைக்கப் போறாளாம்."

அண்ணனுக்குப் பெரியவன் பிறந்தபோது என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் வைத்தது யார்? இப்போது மூன்று மாதச் சின்னவள். எனக்குப் பதினெட்டு முடிந்தும் கையில் பிள்ளை.

அண்ணன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான். மாதக் கடைசித் தேர்வில் தேறினால் வேலைக்குப் போகலாம். இல்லையென்றால் வீட்டோடு கிட. தலையாட்டினேன். வேறென்ன தெரியும் எனக்கு?

மார்ச் 7, வெள்ளி

முகமூடியை மாட்டினால் என் மூச்சே வேறு யாரோ பின்னால் நின்று விடுவதுபோல் கேட்கிறது. கழற்றிவிடுவேன் என்று பயந்து கையை முட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"காத்து வந்துக்கிட்டேதான் இருக்கும். அது உன்ன ஏமாத்தாது, அத நம்பு" என்றார் பயிற்சி மேடம்.

மார்ச் 11, செவ்வாய்

சின்னவளுக்குக் காய்ச்சல். பயிற்சிக்கு விடவில்லை.

மார்ச் 13, வியாழன்

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

புகை அறைக்குள் ஜோடியாகத் தவழ வேண்டும். நெட்டை முன்னால், அவன் பூட்ஸைத் தொட்டபடி நான் பின்னால். என் கையே எனக்குத் தெரியவில்லை. நடுவில் இடிந்த கட்டடம் மாதிரி கூரையிலிருந்து ஒயர்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். என் சிலிண்டர் அதில் மாட்டிக்கொண்டது. முன்னால் போனாலும் இழுக்கிறது, பின்னால் வந்தாலும் இழுக்கிறது. ஒரு கை முறுக்கிக்கொண்டது. நெட்டையின் பூட்ஸ் கையிலிருந்து நழுவிப் போய்விட்டது.

அலாரம் கத்தியது. அப்பாடா, வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். கத்திக்கொண்டே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நெட்டையின் குரல் — "சிலை கத்துது, விடு. வெக்கம் தெளிஞ்சதும் வந்துடும்." சிரிப்பு.

யாரும் வரல. யாருமே வரல. இத்தனை நாள் சும்மா சும்மா கத்திட்டு, இப்ப நிஜமா கத்தினா எவன் நம்புவான்? காத்து குறையுதுன்னு சிலிண்டர் மணி வேற அடிக்க ஆரம்பிச்சுது. முகமூடியப் பிய்ச்சு எறியணும்போல இருந்துச்சு. வெளிய புகை, உள்ள காத்து. வெளிய புகை, உள்ள காத்து. இதையே சொல்லிக்கிட்டுக் கெடந்தேன். எறியல.

வாக்கி-டாக்கியை அழுத்தினேன். பெயர், இடம், நிலைமை என்று வரிசையாகச் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. வந்தது அண்ணியின் வாய்தான். "எருமைங்களா! காது அடைஞ்சா போச்சு? ஒயர்ல மாட்டிக்கிட்டேன்டா! வந்து எடுங்கடா!"

மேடம் உட்பட எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகுதான் ஓடி வந்து என்னை எடுத்தார்கள்.

மார்ச் 14, வெள்ளி

என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மேடம் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்.

"அலாரம் வேலை செஞ்சுது. முகமூடி வேலை செஞ்சுது. நீங்கதான் செய்யல." நெட்டையிடம், "ஜோடிய உள்ள விட்டுட்டு வெளிய வந்து சிரிக்கிறியா?" அவன் தலை தொங்கிவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும்தான். வெக்கமா இருந்தாலும் இடுப்ப ஆட்டு. அத வீணாக் கத்தவிடாத."

இனி யார் அலாரம் கத்தினாலும், எதற்குக் கத்தினாலும், மொத்த அணியும் ஓட வேண்டுமாம்.

மார்ச் 19, புதன்

ஓட்டமோ ஓட்டம். ஒருவன் ஷூ கயிறு கட்டக் குனிந்தவன் அப்படியே ஃபோனில் மூழ்கிவிட்டான். அவன் அலாரம் கத்த, மைதானம் முழுக்கத் தாண்டி ஓடினோம். டீ ஆறிப்போனது.

"எல்லாம் உன்னாலதான், தாயே" என்றான் நெட்டை. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் என் முதுகில் சிலிண்டரை மாட்டிவிட்டு வாரை மறுபடியும் இழுத்துப் பார்த்தான்.

இடுப்பை ஆட்டினேன். கேவலமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

தேறிவிட்டேன்!

ஒயரில் இன்றும் மாட்டினேன். கொஞ்சம் பின்வாங்கி, ஒருக்களித்துப் படுத்து, நீந்துவதுபோலக் கையை வீசி விடுவித்துக்கொண்டேன். நெட்டை நகராமல் காத்திருந்தான். "வந்துட்டியா?" "ம்."

வீட்டில் சொல்லவில்லை. நல்ல சேதியைச் சொல்லக்கூடவா பயம்?

மார்ச் 30, ஞாயிறு

சாப்பிடும்போது அண்ணன், "நாளையிலிருந்து உங்க அண்ணி மறுபடி வேலைக்குப் போறா. சின்னவள நீ பாத்துக்கோ" என்றான். தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"நான் தேறிட்டேன், அண்ணா. செவ்வாய்க்கிழமை ட்யூட்டி."

"அது ஏதோ பேச்சுக்குச் சொன்னது" என்றார் அண்ணி.

"நான் பேச்சுக்குக் கேக்கல, அண்ணி. போகப்போறேன்."

அண்ணன் நிமிர்ந்தான். "என்ன, சத்தம் போடுற?"

"சத்தம் போடல, அண்ணா. சொல்றேன்."

உள் அறையில் சின்னவள் விழித்து அழ ஆரம்பித்தாள். என் உடம்பு தானாக எழப் பார்த்தது. தட்டை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி என்னைப் பார்த்தார். அழுகை பெரிதானது.

அண்ணன்தான் கை கழுவிவிட்டு உள்ளே போனான். அவளை எப்படித் தூக்குவது என்றே அவனுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

"கழுத்தத் தாங்கிப் புடிங்க!" என்று அண்ணி இங்கிருந்தே கத்தினார்.